பழனியாண்டி மாமா கேட்ட கழிவு

கார் விற்கிறவனுக்குச் சொந்தக்காரர்களே இருக்கக்கூடாது. இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. சரி, கோபத்தில்தான் சொல்கிறேன்.

வேறு யாராவது வந்து விலை கேட்டால், விலையைச் சொல்லலாம். குறைக்கக் கேட்டால், சிரித்துக்கொண்டே முடியாது என்று சொல்லலாம். போனால் போகட்டும், அடுத்த ஆள் வருவார். சொந்தக்காரர் வந்தால் அப்படியா? கதிரையில் உட்காரும்போதே "நம்ம பையன்தானே" என்று சொல்லிக்கொண்டுதான் உட்காருவார். அந்த ஒரு வார்த்தையிலேயே பாதிக் கார் போய்விடும்.

என் பெயர் ராஜலிங்கம். கண்டியில், பேராதனை வீதியில், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட ஒரு புதுக் கார் ஷோரூமில் வேலை. கழுத்தில் டை, நெஞ்சில் பெயர் அட்டை, உள்ளே நாள் முழுக்க ஏசி. குண்டசாலையில் ஒரு வாடகை வீட்டில் நானும் அம்மாவும் இருக்கிறோம். அம்மா பாப்பம்மா பிறந்து வளர்ந்தது தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த கலஹாவில். அங்கே நடக்கும் ஒரு திருவிழா, ஒரு சாவு வீடு விடமாட்டாள். போகிற இடமெல்லாம் ஒரே பாட்டுத்தான். "எம் மகன் கார் கம்பெனியில பெரிய ஆளு. அவன் ஒரு வார்த்த சொன்னா வெலயக் கொறச்சிருவாங்க." உண்மையில், காருக்குள் போடும் ஒரு கால்மிதியை இலவசமாகக் கொடுப்பதற்குக்கூட நான் மெனேஜர் ஹாஷிம் சேரின் அறைக் கதவைத் தட்ட வேண்டும்.

அம்மாவின் அண்ணன் பழனியாண்டி மாமா. தோட்டத்துப் பக்கத்து மரக்கறிகளை வாங்கி, சொந்த லொறியில் கண்டிச் சந்தைக்கு ஏற்றி வியாபாரம் செய்கிறவர். அவருக்கும் சுப்பம்மா அத்தைக்கும் ஒரே மகள் தவமணி. கலஹாவில் முன்பள்ளி ஆசிரியை. முறைப்படி எனக்கு உரிமையுள்ளவள். முறையை விடுங்கள், எனக்கு அவளைப் பிடிக்கும். மீசை முளைத்த நாளில் இருந்து அவளைத் தவிர வேறு ஒருத்தியை நான் நினைத்ததில்லை. அவளும் "சாப்பிட்டீங்களா மச்சான்" என்று போனில் ஒரு வரி அனுப்புவாள். நான் "சாப்பிட்டேன்" என்று அனுப்புவேன். நாங்கள் காதலித்த லட்சணம் அவ்வளவுதான். பொங்கலுக்குப் போன அம்மா, "அண்ணே, எம் மகனுக்குப் பொண்ணு குடு" என்று வாய் திறந்து கேட்டாள். "பொறு பாப்பம்மா, பேசுவோம்" என்று மாமா சொல்லி அனுப்பினார். அந்தப் பேச்சுக்காகத்தான் நான் மாதக்கணக்கில் காத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலை நான் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அம்மா அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்.

"இன்னைக்கி ஒங்க மாமா ஒன் கம்பெனிக்கி வர்றாரு. கார் வாங்கத்தான். தவமணி கல்யாண விசயமும் இருக்கு. வெத்தில கொண்டாருவாரு. நீ மொகம் கோணாம வாங்கிக்க."

எனக்குச் சப்பாத்து கையை விட்டு விழுந்தது.

"வெத்திலயா? மொகம் ஏம்மா கோணுது? நீயும் வா, சேர்ந்தே போவோம்."

"எனக்கு முட்டி வலிக்கிது. நீ போ."

கலஹாவுக்குப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறபோது வராத முட்டி வலி, அன்றைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? அதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். எங்கே யோசித்தேன்! டையை இரண்டு தரம் அவிழ்த்துக் கட்டிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

மாமா மரக்கறி லொறியிலேயே வந்து இறங்கினார். லொறியைக் கொண்டுவந்து ஷோரூம் வாசலில், கண்ணாடிக்கு நேரே நிறுத்திவிட்டார். பின்பக்கத்தில் இன்னும் லீக்ஸ் இலைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. மாமா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அத்தை கையில் பூ, பழம், சந்தனம், குங்குமம், வெற்றிலை எல்லாம் நிரம்பிய தட்டு. பின்னால் தவமணி, பச்சைச் சுரிதாரில், யாருடனோ சண்டை போட்டுவிட்டு வந்தவள் போல. வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். கண் இருந்தும் குருடன் என்றால் அது நான்தான்.

மூன்று பேரையும் கதிரைகளில் உட்காரவைத்து பிளேன்டீ கொடுத்தேன். மாமா அதைத் தொடவில்லை. அத்தை கையில் இருந்த தட்டை வாங்கிக்கொண்டு எழுந்து நின்றார்.

"மருமகனே, வேற பேச்சுக்கு முன்ன முறைன்னு ஒண்ணு இருக்கு. அம்மா எல்லாம் சொல்லியிருப்பா."

"சொன்னாங்க மாமா."

"ஒனக்குச் சம்மதம்தானே?"

"இது என்னா கேள்வி மாமா!"

எங்கள் ஆட்களுக்கு வெற்றிலை என்றால் கையெழுத்துப் போட்ட மாதிரி. கொடுக்கிறவர் கேட்கிறார், வாங்குகிறவன் சம்மதிக்கிறான். வாங்கிவிட்டால் பிறகு பேச்சு மாறக்கூடாது. நான் குனிந்து, இரண்டு கைகளையும் நீட்டி, வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டேன். வெற்றிலையை மட்டும் மடித்து, பெயர் அட்டைக்குப் பின்னால் சட்டைப் பையில் வைத்தேன். மாமா என் தோளைத் தட்டியபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. தவமணி எழுந்து கண்ணாடிப் பக்கம் போய், ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி," என்றார் மாமா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இப்ப காரக் காட்டு."

காரைப் பார்த்தாரா அவர்? சந்தையில் மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பொனெட்டை விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, கடைசியில் முகர்ந்தும் பார்த்தார்.

"தகரம் மெலிசா இருக்கே."

"இப்ப எல்லாக் காரும் அப்பிடித்தான் மாமா."

"மேல எல்லாம் நல்ல காயாத்தான் அடுக்குவானுங்க. அடியிலதான் அழுகல் இருக்கும். நான் அடியப் பாக்கணும்."

நான் தடுப்பதற்குள், வெள்ளை வேட்டியோடு பளிங்குத் தரையில் மல்லாந்து படுத்து, தலையைக் காருக்கு அடியில் விட்டுவிட்டார். வேறு கார் பார்க்க வந்திருந்த ஒரு சிங்களக் குடும்பம் வாயைப் பிளந்து பார்த்தது. எனக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ளலாம்போல இருந்தது.

அந்த நேரத்தில்தான் தவமணி என் பக்கத்தில் வந்தாள். மாமாவின் கால் இரண்டும் காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அத்தை, அவர் வேட்டி அழுக்காகிறதே என்று புலம்பிக்கொண்டு அந்தப் பக்கம் நின்றாள்.

"வெத்தில வாங்கிட்டீங்கல்ல," என்றாள் தவமணி.

"வாங்காம?" என்றேன் நான், பெருமையாக.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வை இன்றைக்கும் மறக்கவில்லை.

"சரி. அப்ப இதையாவது செய்ங்க. வெலயக் கொறைக்காதீங்க மச்சான்."

"ஏன்?"

"கொறைக்காதீங்கன்னா கொறைக்காதீங்க. அப்பாகிட்ட பதினெட்டு லட்சத்துக்கு மேல ஒரு சதம் இல்ல. முடியாதுன்னு ஒரே பேச்சா சொல்லிருங்க. எந்திரிச்சுப் போயிருவாரு."

"போனா எப்பிடி தவமணி?"

"போகட்டும்னுதான் சொல்றேன்."

அதற்குள் அத்தை, "அங்க என்னாடி பேச்சு?" என்று கூப்பிட்டாள். தவமணி போய்விட்டாள். நான் அங்கேயே உருகிப்போய் நின்றேன். பாருங்கள், கல்யாணத்துக்கு முன்னாலேயே என் கமிஷன் குறையக்கூடாது என்று இவளுக்கு எவ்வளவு அக்கறை! அப்பனையே எழுப்பி அனுப்பச் சொல்கிறாளே! இப்படிப்பட்டவளுக்காக எதையும் செய்யலாம் என்று முடிவு கட்டினேன். அவள் செய்யாதே என்று சொன்னதையும் சேர்த்து.

மாமா எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் கம்பெனி விலையைச் சொன்னேன். பத்தொன்பதரை லட்சம்.

"பதினஞ்சு," என்றார்.

"மாமா, இது லீக்ஸ் இல்ல, கார்."

"லீக்ஸுக்கு நான் இவ்வளவு மரியாத குடுக்கமாட்டேன். பதினாறு."

"கம்பெனி வெல மாமா. எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"நான் எல்லாரும் இல்ல, ஒன் தாய்மாமன். சரி, ஒன் வழிக்கே வர்றேன். சந்தையில ஒரு மூட்ட எடுத்தா, அழுகல், வாடல்னு எட்டுக்கு ஒண்ணு கழிப்பானுங்க. அந்தக் கழிவக் கழிச்சிட்டுச் சொல்லு."

"புதுக் கார்ல அழுகல் எங்க மாமா இருக்கு? அடியிலயும் பாத்தீங்களே!"

"இருக்கோ இல்லியோ, கழிக்கிறது முறை. மூட்டயில அழுகல் இல்லன்னா வியாபாரி கழிக்காமலா விடுறான்? எங்கிட்ட எத்தன வருசமா கழிக்கிறானுங்க! நான் ஒரு தடவ கழிக்கக்கூடாதா?"

வாழ்நாள் முழுவதும் சந்தையில் தன்னிடம் கழித்ததையெல்லாம் அன்றைக்கு என் தலையில் கட்டிக் கழிக்க வந்திருக்கிறார் மனுஷன். நான் ஹாஷிம் சேரின் அறைக்குப் போனேன்.

அந்த அறைக்கும் நான்கு பக்கமும் கண்ணாடி. உள்ளே இருந்து பார்த்தால் மாமா தெரிவார், மாமாவுக்கு நான் தெரிவேன். ஹாஷிம் சேர் கெலிஓயாக்காரர்; 'சொல்' அவர் வாயில் 'செல்' ஆகும், 'இருக்கு' 'ஈக்கு' ஆகும். நல்ல மனுஷன், ஆனால் மாதக் கடைசியில் அவர் முகத்தில் சிரிப்பைத் தேடக்கூடாது.

"பதினெட்டுக்குக் கேக்கிறாங்க சேர்," என்றேன், தவமணி சொன்ன கணக்கை மனதில் வைத்து.

"பதினெட்டா! என்னடா செல்ற? எனக்கு மேல கொழும்பு ஹெட் ஒபிஸ் ஈக்கிது. அம்பதாயிரம் கொறைக்கேலும். அதுக்கு மேல செல்லாத."

திரும்பி வந்து மாமாவிடம் சொன்னேன். மாமா தலையை ஆட்டினார். "சந்தையில இப்பிடிக் கழிச்சா அடிக்க வருவானுங்க" என்றார். பதினேழில் நின்றார். நான் மறுபடி அறைக்குப் போனேன். ஹாஷிம் சேர் இன்னும் கொஞ்சம் இறங்கினார். நான் திரும்ப வந்தேன். மாமா பதினேழரைக்கு ஏறினார். மறுபடி போனேன். இந்தக் கண்ணாடிக் கதவைத் திறந்து மூடி, அந்தக் கதிரைக்கு முன்னால் நின்று கெஞ்சி, அந்த மேசைக்கு முன்னால் நின்று கெஞ்சி, ஏசிக்குள்ளும் எனக்கு முதுகு நனைந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் போட்ட மீன் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கம் போனாலும் முட்டியது.

கடைசியில் மாமா பதினெட்டுக்கு வந்தார். ஹாஷிம் சேர் பத்தொன்பதில் நின்றார். அதற்கு மேல் இரண்டு பேரும் அசையவில்லை.

மாமா மெல்ல எழுந்தார். கோபமாகக்கூட இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"பரவால்ல மருமகனே. எங்கிட்ட அவ்வளவுதான் இருக்கு. இதுக்கு மேலன்னா லொறிய வித்தாத்தான். வேற வழி பாக்கிறோம். கல்யாணத்தத் தள்ளித்தான் போடணும்போல."

கல்யாணத்தைத் தள்ளுவதா! தவமணியைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. சாமி கும்பிடுகிறவள் போலத் தெரிந்தது. நான் உடனே, "இருங்க மாமா, ஒரு நிமிசம்" என்று சொல்லிவிட்டு, காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவன்போல அறைக்குள் ஓடினேன்.

"சேர், என் கமிஷன வெட்டுங்க. வருசக் கடைசி போனஸையும் வெட்டுங்க. பதினெட்டுக்குப் போடுங்க."

ஹாஷிம் சேர் பேனையைக் கீழே வைத்தார்.

"பைத்தியமாடா ஒனக்கு? அவசரப்படாத. போனா போகட்டும், நாளைக்கித் திரும்பி வருவாங்க. யாருடா அது, இவ்வளவு உருகிற?"

"எனக்குப் பொண்ணு குடுக்கப் போறவரு சேர். இப்பத்தான் வெத்தில வாங்கினேன்." பையில் இருந்து எடுத்துக் காட்டினேன்.

ஹாஷிம் சேர் கண்ணாடி வழியாகத் தவமணியைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அத முன்னாடி செல்ல வாணாமா? சரி, போட்டுத் தாறேன். போனஸ் போனா போகுது, நல்ல குடும்பம் கெடச்சா அது போதும்."

கொழும்புக்குப் போன் போட்டார். கணினியில் தட்டினார். கையெழுத்து வைக்கச் சொன்ன இடத்தில் எல்லாம் நான் வைத்தேன். வெளியே வந்து, "மாமா, பதினெட்டு!" என்றேன். கத்தியே விட்டேன் என்று நினைக்கிறேன், அந்தச் சிங்களக் குடும்பம் மறுபடி திரும்பிப் பார்த்தது.

மாமா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விம்மினார். அத்தை சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு நேரே காரிடம் போய், பொனெட்டில் மூன்று பொட்டு வைத்தாள். தவமணி கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பொட்டு வைத்த காரைத்தான் பார்த்தாள். பிறகு கதிரையில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

லொறிச் சீட்டுக்கு அடியில் இருந்து பணப்பை வந்தது. காசாளர் எண்ணி எடுத்து, பில் அடித்தார். பதிவுக்கான விபரம் எடுப்பது என் வேலை. நான் பேனையை எடுத்துக்கொண்டு மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மனதுக்குள் ஒரு நப்பாசை, என் பெயரைச் சொல்வார் என்று. வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கேட்டேன்.

"யார் பேர்ல மாமா பதியிறது?"

"மாப்பிள பேர்லதான். வேற யாரு பேர்ல?"

"சொல்லுங்க மாமா."

மாமா சட்டைப் பையில் இருந்து ஓர் அடையாள அட்டைப் பிரதியை எடுத்து என் முன்னால் வைத்தார். வெள்ளைச் சட்டை போட்ட, முன்தலை ஏறிய ஒரு ஆள் அதில் முறைத்துக்கொண்டிருந்தார்.

"ஹட்டன்ல பேங்க்ல வேல. நல்ல எடம். என்னா, புதுக் கார் இல்லாம பந்தல்ல ஒக்காரமாட்டோம்னு மாப்பிள வீட்ல ஒரே புடி."

எனக்கு முதலில் ஒன்றும் கேட்கவில்லை. ஏசியின் இரைச்சல் மட்டும் கேட்டது. பேனையைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"என்னா மருமகனே? அம்மா சொல்லியிருக்காளே? நீ வெத்தில வாங்கினியே?"

எங்களுக்குள் ஒரு முறை உண்டு. உரிமைக்காரன் ஒருவன் இருக்கும்போது பெண்ணை வெளியில் கொடுப்பதென்றால், முதலில் அவன் கையில் வெற்றிலை வைத்துச் சம்மதம் கேட்க வேண்டும். அவன் வாங்கினால்தான் பெண்ணை வெளியில் கொடுக்கலாம். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். எத்தனை கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன். என் விஷயத்தில் அது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

"மாமா, நான்..." என்று ஆரம்பித்தேன்.

"ஒண்ணும் சொல்லாத," என்று மாமா என் கையைப் பிடித்தார். "நீ கோவிச்சுக்குவே, மறுப்பேன்னு பயந்துக்கிட்டே வந்தோம். நீ என்னடான்னா சிரிச்ச மொகத்தோட வாங்கினே. அதோட விடாம ஓடி ஓடி வெலயும் கொறச்சே. ஒன்னாலதான்டா இந்தக் கல்யாணம் நடக்குது. ஒன் மனசு எவனுக்கும் வராது."

இப்படிச் சொல்கிறவரிடம் எப்படி மறுத்துப் பேசுவது? அப்போது பார்த்து ஹாஷிம் சேர் அறையை விட்டு வெளியே வந்தார், முகமெல்லாம் சிரிப்பு, கையில் ஆள் உயரத்துக்கு ஓர் அட்டைச் சாவி. கார் வாங்குகிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க, படம் எடுத்துக் கம்பெனியின் பேஸ்புக்கில் போடுவது எங்கள் வழக்கம்.

"வாங்க, வாங்க! மாப்பிளயும் பொண்ணும் இந்தச் சாவிய ஆளுக்கொரு பக்கம் புடிங்க. டேய் லிங்கம், வெக்கப்படாம வாடா!"

என் தோளைப் பிடித்துத் தள்ளித் தவமணிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். ஒரு முனையை என் கையில் கொடுத்தார், மறுமுனையை அவள் கையில். அவள் மறுக்கவில்லை. போனைத் தூக்கினார். "சிரிங்க!" நான் சிரித்தேன். சத்தியமாகச் சிரித்தேன், பழக்கதோஷம். எத்தனை வாடிக்கையாளர்களோடு நின்று சிரித்திருக்கிறேன்.

"ஐயா," என்று மாமா மெல்ல முன்னால் வந்தார். "மாப்பிள இவரு இல்ல. இவரு என் தங்கச்சி மகன்."

ஹாஷிம் சேர் போனை இறக்கினார். என்னைப் பார்த்தார், என் பையில் எட்டிப்பார்த்த வெற்றிலையைப் பார்த்தார். பிறகு அந்தச் சாவியை எங்கள் கைகளில் இருந்து வாங்கி, சுவரில் சாய்த்து வைத்தார்.

நான் பின்னால் இருக்கும் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அம்மாவுக்கு அடித்தேன்.

"ஏம்மா சொல்லல?"

"சொல்லத்தான்டா நெனச்சேன். ஒன் மொகத்தப் பாத்தா வாயி வரல. மாமாவே பக்குவமாச் சொல்லுவாருன்னு..."

"நீ சொல்லியிருப்பேன்னு அவரு நெனச்சாரு! நல்லா இருக்குதும்மா ஒங்க குடும்பம்! ஒருத்தர் சொல்லுவாங்கன்னு ஒருத்தர் வாய மூடிக்கிட்டு, நடுவுல என்ன வித்துட்டீங்க!"

அம்மா அழுதாள். எனக்குப் பாவமாக இல்லை. போனை வைத்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு, நேரே ஹாஷிம் சேரிடம் போனேன்.

"சேர், அந்தக் கழிவ ரத்துப் பண்ணுங்க. பத்தொன்பதுதான்னு சொல்லிருங்க."

"பில் அடிச்சாச்சுடா. காசும் எடுத்தாச்சு. கொழும்புக்கும் தகவல் பெயித்து. இப்ப வெல ஏறினா அவங்க என்ட கழுத்தப் புடிப்பாங்க."

"என் கமிஷன்தானே சேர்!"

"ஒன்ட கமிஷன்தான். நான் அவசரப்படாதன்னு செல்லல்லியா?" அவர் குரல் தணிந்தது. "டிலிவரிக்கு நீ போக வாணாம். வேற ஆள அனுப்புறன்."

அது ஒன்றுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த கழிவு.

எங்கள் கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. வாடிக்கையாளரை வாசல் வரை கொண்டுபோய் விட்டு, அவர்கள் போகும்வரை கும்பிட்டுக்கொண்டு நிற்க வேண்டும். நான் போய் நின்றேன். மாமா லொறியில் ஏறினார். அத்தை வெறும் தட்டோடு ஏறினாள். தவமணி கடைசியாக, ஏறுவதற்குக் காலை வைத்தவள், இறக்கிவிட்டு என்னிடம் வந்தாள்.

"கொறைக்காதீங்கன்னு சொன்னேன்ல?"

"எனக்குத் தெரியாது தவமணி. சத்தியமா தெரியாது. வெத்தில நமக்குன்னு நெனச்சேன்."

அவளுக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. விளங்கியதும் முகம் வெளிறிவிட்டது.

"ஒங்கம்மா சொல்லலியா?"

"இல்ல."

"எனக்கு வேணாம்னு சொன்னேன் மச்சான். அப்பா கேக்கல. லிங்கம் வெத்தில வாங்கமாட்டேன்னு சொல்லட்டும், அப்ப பாப்போம்னாரு. நீங்க ரெண்டு கையாலயும் வாங்கினீங்க. சரி, காராவது கெடைக்காமப் போகும்னு பாத்தேன். கார் இல்லன்னா அவங்க வரமாட்டாங்க. ஒங்களால முடியாதுன்னு நீங்க சொல்லியிருந்தாப் போதும். அவ்வளவு சாமியக் கும்பிட்டேன்."

"தவமணி, நான் இப்பவே மாமாகிட்ட..."

"என்னான்னு சொல்லுவீங்க? வாங்கின வெத்திலயத் திருப்பிக் குடுப்பீங்களா?"

"ஏறு தாயி, நேரமாச்சு!" என்று அத்தை உள்ளிருந்து கை நீட்டினாள். தவமணி அந்தக் கையைப் பிடித்து ஏறிக் கதவை மூடினாள். எனக்குள் எல்லாம் கொதித்தது. கத்த வேண்டும், லொறிக்கு முன்னால் போய் விழ வேண்டும், அந்த வெற்றிலையைக் கிழித்து மாமாவின் மடியில் எறிய வேண்டும். ஓரடி எடுத்தும் வைத்தேன்.

லொறி உறுமியது. முன்னால் கண்ணாடி, வேறு வழியில்லை. பின்னால்தான் எடுக்க வேண்டும். பின்னால் பேராதனை வீதி, பஸ்ஸும் ஆட்டோவுமாகப் பறந்துகொண்டிருந்தது. மாமா தலையை வெளியே நீட்டினார்.

"மருமகனே, பின்னால பாத்துச் சொல்லு! ஒண்ணும் தெரியல எனக்கு!"

நான் பின்னால் போனேன்.

"வாங்க மாமா. வாங்க, வாங்க. ஸ்டியரிங்க ஒடிங்க. ஒடிங்க. இன்னும் கொஞ்சம்."

கண்டியில் இருந்து வந்த ஒரு பஸ் ஹோர்னை அழுத்திக்கொண்டு நின்றது. கொண்டக்டர் வெளியே தலையை நீட்டிச் சிங்களத்தில் ஏசினான். பின்னால் வரிசையாக ஆட்டோக்கள் கத்தின. லொறியின் பக்கக் கண்ணாடியில் தவமணியின் முகம் தெரிந்தது. அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நடு ரோட்டில் இறங்கி, பஸ்ஸுக்குக் கையைக் காட்டி மறித்துக்கொண்டு, "போகலாம் மாமா, போங்க" என்றேன்.